ஆள் வேண்டாத தொட்டி

உர்ர்ர் என்று விடாத ஒரு சத்தம். வேப்பூரில் பஸ்ஸை ஓரங்கட்டியதும், "டீ சாப்டறவங்க சாப்டலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் இறங்கிப்போன ஓட்டலில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மீன் தொட்டியின் மோட்டார் அது. நீலக் கல். பிளாஸ்டிக் செடி. வாயைத் திறந்து திறந்து மூடும் பொம்மைச் சிப்பி. ஆரஞ்சு மீன் ஒன்று மூலைக்கண்ணாடியில் முகத்தை வைத்தபடி நின்றது, கடைசி வண்டியைத் தவறவிட்டவன் சுவரைப் பார்த்து நிற்பானே, அப்படி. என் டீ ஆறி ஆடை கட்டியது. குடிக்கத் தோன்றவில்லை.

நம் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படித்தான் ஆகிறதா? முன்பெல்லாம் பழைய நாட்களைத் தேடிப் போகவேண்டும். இப்போது அவை நாம் சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. எழுந்து போகச் சொல்லவும் நமக்குத் தெம்பு இல்லை.

எங்கள் வீட்டில் இருந்த தொட்டிக்குச் சத்தம் கிடையாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம்மில் பாதிப்பேருக்கு அத்தா என்கிற அப்பா ஒரு குரல். டேப்ரெக்கார்டரில் சுற்றுகிற குரல். சபர் போன ஆம்பிளைகள், கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவர்கள், லீவில் வருகிற யாரிடமாவது கேசட் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து கேட்போம். "நான் நல்லா இருக்கேன். நீங்கள்லாம் நல்லா இருக்கீங்களா? பாப்பா நல்லா படிக்குதா?" பாப்பா நான். நான் தலையாட்டுவேன், டேப்ரெக்கார்டருக்கு. அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் உர்ர்ர் என்று ஓர் இரைச்சல் இருக்கும். அம்மாவின் அண்ணன், கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த மாமா, "மிசினு அழுக்காயிருக்குது" என்று பஞ்சில் சென்ட்டைத் தொட்டு உள்ளே துடைப்பார். துடைத்த பிறகும் இரையும். அந்த டேப்ரெக்கார்டரும் போய்விட்டது. சென்ட் மணத்த அந்த இரைச்சல் மட்டும் எங்கோ இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது குரல் உடம்போடு வந்தது. கார்த்திகை மழை விட்டிருந்த நாட்கள். பெட்டி, கம்பளி, தைலம், வாசனைச் சோப்பு, எல்லாம் வந்தன. கூடவே, நிலைப்படியில் தலை இடித்துக்கொள்கிற நெட்டையான ஒரு மனிதர். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவரும் என்னைக் கூப்பிடாமல், கதவைப் பார்த்துச் சிரித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் என் பாய் போடும் இடம் போயிருந்தது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. "உப்பு எங்க இருக்குது?" "சொம்பு எங்க?" என்று சொந்த வீட்டிலேயே விருந்தாளியைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கிணற்றில் வாளியை விட்டால் அம்மா ஓடிவந்து கயிற்றை வாங்கிக்கொள்வாள். "வுடுங்க, நான் பாத்துக்கறேன்." ரேஷன் கடைக்குக் கிளம்பினால், "அது நேத்தே வாங்கியாச்சு. நான் பாத்துக்கறேன்." பல வருஷம் ஒற்றையாக நின்று அந்த வீட்டை ஓட்டியவள். அந்த வார்த்தையில் ஒரு பெருமை இருந்தது. அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

வந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "நான் திரும்பிப் போவல."

அம்மாவின் கையில் அகப்பை நின்றது. பிறகு நகர்ந்தது. "இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தவா?" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கே விஷயம் மாமாவின் கடைக்குப் போய்விட்டது. லீவு முடிவதற்குள் போகாவிட்டால் விசா செத்துப்போகும், பிறகு நினைத்தாலும் போக முடியாது. மாமா வந்தார், ஊஞ்சலில் உட்கார்ந்தார், அத்தா கொண்டுவந்த சோப்பை முகர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் சொல்றதுதான் மச்சான். அலுப்பு. ரெண்டு மாசம் கறியும் சோறும் தின்னுட்டுத் தூங்குங்க, சரியாப் பூடும்."

"தூக்கம்தான் வர மாட்டேங்குது மச்சான்."

"ஏன், கொசுவா?"

"சத்தமே இல்ல இங்க. அதான்."

மாமா அம்மாவைப் பார்த்தார். மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பார்வை.

அடுத்து அத்தா செய்தது அந்தப் பார்வையை உறுதியாக்கியது. படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடிக் கடையில் சொல்லி, ஒரு பெரிய தொட்டி ஒட்டவைத்துக் கொண்டுவந்தார். மாட்டுவண்டியில், வைக்கோலுக்கு நடுவில் கண்ணாடித் தொட்டி. தெருவில் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, அரிசிப் பானை இருந்த மேடையைக் காலி செய்து அதை வைத்தார். மீன் வளர்க்கப் போகிறாராம். மோட்டார் வேண்டாமாம். தண்ணீர் மாற்ற வேண்டாமாம். கீழே மண், மேலே மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன், ஜன்னல் வெயில். இவ்வளவுதானாம். செடி தண்ணீரைச் சுத்தம் செய்யுமாம், மீன் கழிவது செடிக்கு எருவாம்.

"வயக்காட்டு மண்ண வூட்டுக்குள்ள கொண்டாந்து வக்கிற வேல வேணாம். புழு வரும், நாறும்" என்றாள் அம்மா.

"நல்ல மண்ணாப் போடறேன்" என்றார் அத்தா.

விருத்தாசலத்தில் நல்ல மண் என்றால் எந்த மண் என்று உங்களுக்குத் தெரியும். நாம் உடைந்த பீங்கான் பொம்மைகளோடு வளர்ந்தவர்கள். மூக்கு இல்லாத நாய், தலை வெடித்த கிளி, ஒட்டாத கைப்பிடியோடு குட்டிக் கப்பு. பொம்மைக் கம்பெனிகளின் பின்பக்கம் சூளையில் வெடித்ததெல்லாம் குவிந்து கிடக்கும். அதைப் பொறுக்கித்தான் நம் கொலு, நம் கல்யாணம், நம் மவுத்து அடக்க விளையாட்டு எல்லாம். அத்தாவும் சபர் போவதற்கு முன்னால் அப்படி ஒரு கம்பெனியில் வார்ப்பு வேலை செய்தவர்தான். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவது. அந்தக் கூழுக்குச் சிலிப்பு என்று பெயர். பழைய கூட்டாளி ஒருவர் இன்னும் அங்கே இருந்தார். அத்தா நேரே அங்கே போய், அச்சு ஓரத்தில் வழித்துப் போட்ட சிலிப்பு மண்ணை ஒரு சாக்கு கொண்டுவந்தார். சலித்த மண். ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. மாவு மாதிரி. அம்மாவே விரலால் தேய்த்துப் பார்த்து, "இது பரவால்ல" என்றாள்.

அடியில் அதைப் பரப்பினார். மேலே மணிமுத்தாற்று மணல். கிணற்றுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக விட்டார்.

தொட்டி பாலாகிவிட்டது.

காலையில் தெளிஞ்சிடும் என்றார். காலையிலும் பால். மறுநாளும் பால். வாரம் ஓடியது. ஒரு விரல் அளவுகூட மேலே தெளியவில்லை. வெயில் விழுந்தால் உள்ளே ஒரு விளக்கு வைத்ததுபோல வெண்மையாக ஒளிர்ந்தது. இன்று நினைத்தால் அழகுதான். அன்று தெருவே வந்து பார்த்துச் சிரித்தது.

"மச்சான், தயிரு எப்பத் தோயும்?" என்றார் மாமா. "ஒரு கரண்டி மோர ஊத்திப் பாருங்க."

அம்மா தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரைத்து விட்டாள். குளத்துத் தண்ணீரைத் தெளியவைக்கும் கொட்டை இந்தத் தண்ணீரிடம் தோற்றது. எதிர்வீட்டு அம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து, தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அங்க கம்பெனில சூப்பரவைசருன்னாங்களே பாய். இந்த மீன் வேலையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"கம்பெனி இல்லக்கா. அரபி வூடு. சொவரு நீளத்துக்குத் தொட்டி வச்சிருக்கான். அத்தக் கழுவறதுதான் என் வேல."

அம்மாவின் முகத்தை நான் அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். சூப்பரவைசர் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தவள் அவள்தான். எதிர்வீட்டு அம்மாள் படி இறங்கியதும் கதவைச் சாத்தினாள்.

"அத ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடறதா?"

அத்தா பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்மைக் கம்பெனிக் கூட்டாளி வந்தது அதற்கு மறுநாள். வாசலிலிருந்தே தொட்டியைப் பார்த்தார். முழங்கை வரை வெள்ளையாக இருந்த கையைத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"யோவ் பாயி! சிலிப்பு மண்ணயா போட்ட? அது படியக் கூடாதுன்னுதானய்யா நாம அதுல சிலிகேட்டு ஊத்துறோம்! அச்சுல ஊத்துற வரிக்கும் மெதந்துக்கிட்டே இருக்கணும்னு! நீ கலக்காத டிரம்மா? நீயே மறந்துட்டியா?"

அத்தாவும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நிற்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

மாமா அப்போது ஊஞ்சலில் இருந்தார். கிண்டல் இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் மோசம். "கலக்கிக் கலக்கிக் கை வெளுத்த வேல மச்சான் அது. அதே மறந்து போச்சு. இனிமே பொம்மக் கம்பெனிக்குப் போயி என்னா பண்ணுவீங்க?"

அத்தா தன் கைகளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தன் கையை முதல்முறை பார்க்கிறவர்போல.

கூட்டாளி மட்டும், "அட, கை தானா வந்துடும் வுடுங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று, "எங்க கொல்லையில வந்து மண்ணு அள்ளிக்க. எரு போட்ட மண்ணு. செடியும் வாய்க்கால்ல கெடக்கு" என்றார். அவர் ஊர் கருவேப்பிலங்குறிச்சி.

ஞாயிற்றுக்கிழமை அத்தா சாக்கையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல், "யாராச்சும் வர்றீங்களா?" என்றார். நான் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அவர் கைகளைப் பார்த்த விதம்தான் காரணமோ என்னவோ.

வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வேலம்பாசியைக் கொத்தாக இழுத்தார். நீர்ப்பிரம்மியைக் கரையோடு பெயர்த்தார். ஓரமாக, இலைகள் தண்ணீர்மேல் படுத்திருக்கும் கொட்டிச் செடியைக் கிழங்கோடு, பல் பிடுங்குவதுபோல, ஆட்டி ஆட்டி எடுத்தார். சேறு பச்சையாக மணத்தது. கெட்ட வாடை என்று நான் மூக்கைப் பிடிக்க, அவர் கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன்கள் தண்ணீரின் மேல்தோலிலேயே திரிந்தன. அவற்றில் கொஞ்சத்தையும், கொசுறுபோல வந்த கெண்டைப் பொடிகளையும் தூக்குவாளியில் பிடித்து, கூட்டாளியின் பம்புசெட்டுத் தொட்டியில் விட்டார். தண்ணீர் தயாரான பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சாக்கு சொட்டியது. கண்டக்டர் காலைத் தூக்கித் தாண்டினார்.

"பாய், சாக்குல என்னா?"

"மண்ணு."

"மண்ணா? விருத்தாசலத்துக்கா மண்ணு எடுத்துக்கிட்டுப் போற? ஊரே மண்ணுல பொம்ம பண்ணித்தான பொழைக்குது!"

"அது படியாத மண்ணுங்க. இது படியும்."

"படியட்டும் படியட்டும். என் பஸ்ஸுல படிய வச்சிடாத."

பக்கத்து சீட்டு அக்கா தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "கொட்டிக் கெழங்குதான? அவிச்சா நல்லா இருக்கும். ரெண்டு குடேன்."

"இது திங்கறதுக்கு இல்லக்கா. பாக்கறதுக்கு."

"கெழங்க என்னாத்தப் பாக்கறது?" என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தாவுக்கும். ஒரே நேரத்தில் இருவரும் சிரித்தது அதுதான் முதல். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"அங்க நீங்க எங்க படுப்பீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "மோட்டார் ரூமுல. தொட்டிக்கெல்லாம் காத்து அடிக்கிற மோட்டாரு. நிக்கவே கூடாது, நின்னா மீனு செத்துடும். அதனால பக்கத்துலயே பாய். ராவும் பகலும் உர்ர்ருன்னு ஓடும்."

கேசட்டில் இரைந்தது அதுதான். மாமா சென்ட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"கொல்லப்பக்கம் வேண்டாம்னு தூக்கிப்போட்ட ஒரு தொட்டி கெடந்துது" என்றார். "மண்ணும் பாசியுமா. யாரும் தொடறதில்ல. வூட்டுக்குள்ள இருக்கற மீனெல்லாம் மருந்து, மோட்டாரு, எல்லாம் இருந்தும் செத்துச்சு. இதுல இருந்தது குட்டி போட்டுது. சாயங்காலம் அது கிட்டத்தான் போயி உக்காருவேன்."

"நீங்க போவப் போறீங்களா?"

"மொதல்ல தண்ணி தெளியட்டும்" என்றார்.

இங்கேயே இருப்பதற்குச் சம்மதம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அரிசி சல்லடையில் மண்ணைச் சலித்ததற்கு அம்மா போட்ட சண்டையை எழுதினால் தனிக் கதை. கட்டைவிரல் உயரத்துக்கு மண். அதை மூடி மணல். அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தண்ணீரைத் தட்டின்மேல் மெல்ல மெல்ல விட்டார், மண் கலையாமல். முதல் நாளே இடைவெளி தெரியாமல் செடிகளை நட்டார். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. மாமா, "இப்ப பால் டீ இல்ல, வரக்காப்பி" என்றார்.  அத்தா எதுவும் செய்யவில்லை. காத்திருந்தார். கண்ணாடியில் பச்சை படர்ந்தது, செடியோடு வந்த நத்தைகள் அதை மேய்ந்தன. கொட்டியின் பழைய இலைகள் அழுகி, அடியிலிருந்து புதுசு சுருண்டு எழுந்தது. பிறகு ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன், தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. செடிகள் காற்றில் நிற்பதுபோல நின்றன. வெயில் ஏற ஏற, இலை நுனிகளிலிருந்து குமிழிகள் நூல் கட்டி மேலே போயின. ஒரு சத்தமும் இல்லை. அம்மா சீப்பைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

மீன்கள் வந்தன. கரண்ட் போனது, வந்தது. அவற்றுக்கு ஒன்றும் இல்லை. அத்தா தூங்க ஆரம்பித்தார். மத்தியானங்களில்கூட, தொட்டிக்குக் கீழே, தரையில், வாயைத் திறந்துகொண்டு. நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், "எங்க அத்தா போவ மாட்டாங்க. வூட்டுக்குள்ளயே தோட்டம் வச்சிருக்காங்க." செடி நட்டவன் எங்கேயாவது போவானா? அதுதான் என் கணக்கு.

இடையில் அவர் பொம்மைக் கம்பெனிக்கும் போய்ப் பார்த்தார். முழங்கை வரை வெள்ளையாக வருவார். கொஞ்ச நாள் போனார். பிறகு போகவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அவமானமாக நினைப்பார் என்று அம்மா நினைத்தாள். யாரும் கேட்கவில்லையே என்று அவர் நினைத்தாரோ என்னவோ. பெரியவர்கள் ஒருவரையொருவர் மதித்து மதித்தே வீணாய்ப்போன வீடுகள் நம் தெருவில் எத்தனை!

மாசி வெயில் தொடங்கியபோது மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். டீ குடிக்கும் நேரம். தொட்டியின்முன் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் பண்ணிட்டீங்க மச்சான். சும்மா சொல்லக் கூடாது. ஆனா நீங்க போயிட்டா இத யாரு பாத்துக்கறது?"

"இதுக்கு ஆளு வேணாம் மச்சான்" என்றார் அத்தா. "வத்துனா தண்ணி ஊத்துனாப் போதும். அதுக்குத்தான் இப்டி வச்சது. எல்லாம் தன்னால நடக்கும்." டீயை ஒரு மிடறு குடித்தார். பிறகு, மனசாரப் பாராட்டுகிறவர்போல, அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துச் சொன்னார். "இந்த வூட்ட மாதிரி."

நான் அம்மாவைப் பார்த்தேன். தம்ளர் அவள் கையில் சாய்ந்து, டீ தரையில் கோடாக வழிந்தது.

"தன்னால நடக்குதா?" என்றாள்.

 அவள் உள்ளே போனாள். உள்ளே ஒரு பாத்திரம், கழுவியிருந்த பாத்திரம்தான், மறுபடி கழுவப்படும் சத்தம் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகமாட்டேன் என்று சொன்ன மனிதர், போனால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் அதைக் கட்டியிருக்கிறார். தோட்டம் போட்டவர் வேலி போடாமல் விட்டதற்குக் காரணம் இருந்திருக்கிறது.  தொட்டி கலங்கிவிட வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொண்டு எழுந்தேன். ஒரு மீனாவது மிதக்கட்டும், ஓர் இலையாவது கருகட்டும், அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்காரட்டும். ஒன்றும் ஆகவில்லை. குஞ்சுகள்தான் வந்தன, கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள்.

அந்த நாட்களில் அம்மா மாறினாள். "அரிசி இல்ல. வாங்கிட்டு வாங்க." "கொழா ஒழுவுது, பாருங்க." "எனக்கு இடுப்பு வலிக்குது, கெணத்துல ரெண்டு வாளி இழுத்து ஊத்துங்க." அதுவரை ஒரு வேலையும் அவரிடம் சொல்லாதவள், வீட்டில் உள்ள அரிசியை அடுத்த பானைக்குள் கொட்டி மூடிவைத்துவிட்டு இல்லை என்றாள். நான் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. இடுப்பு வலிக்கிறவள் அப்படி நிமிர்ந்து நடக்கமாட்டாள் என்று இப்போது தெரிகிறது. அத்தா எல்லாவற்றையும் சந்தோஷமாகச் செய்தார். போகிற ஆளிடம் வேலை வாங்கிக்கொள்கிறாள் என்றுதான் மாமாவும் நினைத்தார், அத்தாவும் நினைத்திருப்பார். டிக்கெட்டுக்கு அதற்குள் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு "இருங்க" என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. எங்கள் தெருப் பெண்கள் யாருக்கும் வந்ததில்லை. சொல்கிறவள் புருஷனின் பிழைப்பைக் கெடுத்தவள் ஆவாள்.

அவர் போனார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களை இழுத்தடிக்க எனக்குத் தெம்பில்லை. போனார், லீவில் வந்தார், போனார். தலை நரைத்து ஒரேயடியாக வந்தபோது எனக்குக் கல்யாணமாகி வேறு ஊர். தொட்டி பல வருஷம் அப்படியே இருந்தது, வற்றினால் தண்ணீர் ஊற்றியதோடு சரி. பிறகு ஒரு கோடையில் ஓரத்து ஒட்டு விட்டு, சுவர் முழுக்க ஈரம் இறங்கியது. அம்மா செடிகளைக் கிணற்றுக்குள் போட்டாள். மீன்களை என்ன செய்தாள் என்று கேட்டதற்கு, "உட்டுட்டேன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை. அத்தா அந்த வீட்டில் ஒற்றையாக இருக்கிறார். காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் மோட்டார் மட்டும் கேட்கிறது என்கிறார். துணைக்கு ஓர் ஆளை வைக்கிறேன் என்றால் "எதுக்கு?" என்கிறார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிறேன். எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். வரும்போது களைத்துப்போய் வருகிறேன்.

வேப்பூரில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அத்தா அன்று திரும்பிப் போன விருத்தாசலம் ஜங்ஷன் பிளாட்பாரம் எனக்கு முடியவில்லை இன்னும்.

காலை வெயில். மெட்ராஸ் வண்டி. மாமா பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அம்மா வெள்ளைத் துப்பட்டியை முகத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே நின்றாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். இரும்பும் டீயும் கலந்த வாசனை. அத்தா கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்.

"வெயிலு ஏறுது. நீங்க கெளம்புங்க" என்றார்.

"வண்டி இன்னும் எடுக்கல."

 கார்டு பச்சைக்கொடியைப் பிரித்தார்.

"அந்த அரபி வூட்ல," என்றாள் அம்மா, "நீங்க வரலன்னா என்னா பண்ணுவாங்க?"

"என்னா பண்ணுவாங்க. வேற யாரையாச்சும் வச்சுப்பாங்க."

"கெடைப்பாங்களா?"

"கேட்டு வாசல்லயே நிப்பாங்க. யாரு வேணா கழுவலாம்."

"யாரு வேணாலுமா?"

"ஆமா."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அம்மா துப்பட்டியை விட்டுவிட்டாள். முகம் திறந்து கிடந்தது, பிளாட்பாரம் முழுக்கப் பார்க்க. என் கையை உதறிவிட்டு இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். சக்கரம் நகர, அவளும் நடந்தாள்.

"அப்ப எறங்குங்க" என்றாள்.